சஹனில் கடைசிக் கை

கீழக்கரையில் ஒன்றரை வருஷம் ஒரு தீர்ப்பு அமலில் இருந்தது. சங்கு கிட்டங்கி ஹசன் அலி திமிர் பிடித்தவர், வாய் கெட்டவர், அறுபது வயதை நெருங்குகிற நேரத்தில் மரியாதை மறந்தவர் என்பது அந்தத் தீர்ப்பு. யாரும் விசாரிக்கவில்லை. ஊரே கண்ணால் பார்த்தது, இனி என்ன விசாரணை என்றார்கள். தீர்ப்பில் முதல் கையெழுத்துப் போட்டவர் ஹசன் அலியின் சொந்த மைத்துனர் சுஐபு. பேனாவால் போடவில்லை. சஹனிலிருந்து கையை எடுத்துக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். அந்த ஊரில் ஒரு மனிதரைத் தள்ளி வைக்க அது போதும்.

சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. கல்யாணப் பந்தியில் பாய் விரித்து, ஒரு சஹனுக்கு நாலு பேராக உட்காருவார்கள். நெய்ச்சோறு குவித்திருக்கும், அதன் உச்சியில் கறி இருக்கும். தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. கறியை மூத்தவர் பிய்த்து மற்ற மூவர் பக்கமும் தள்ளி வைப்பார், கடைசியில்தான் தனக்கு எடுப்பார். நாலு பேரில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் மற்ற மூவர் கையை எடுக்க மாட்டார்கள். பிள்ளைக்கு முதல் கவளம் ஊட்டும்போதே சேர்த்து ஊட்டிவிடுகிற பழக்கம் இது.

இந்தப் பழக்கத்துக்கெல்லாம் காவல்காரராக இருந்தவர்தான் ஹசன் அலி. பகலில் ஒரு முதலாளியின் சரக்குக் கிடங்கான கிட்டங்கியில் உட்கார்ந்து சங்குகளைத் தரம் பிரிப்பார். ஊரில் கல்யாணம் என்றால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி விசாரிக்க நிற்பார். கூலி கிடையாது. யாரை யாரோடு உட்கார வைப்பது, எந்த இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை, யாருக்குப் பல் இல்லை, யாருக்குச் சர்க்கரை வியாதி என்று ஊர் முழுவதும் அவர் மண்டையில் இருந்தது. ஒருவர் முகத்தைப் பார்த்தே இன்னும் ஒரு கை சோறு வேண்டும், கேட்கக் கூச்சப்படுகிறார் என்று கண்டுபிடித்துவிடுவார்.

ஒரு பந்தியில் கை நடுங்குகிற ஒரு முதியவர் மெல்ல மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்ற சஹன்கள் எல்லாம் காலி. அடுத்த பந்திக்கு முந்நூறு பேர் வாசலில் வெயிலில் நின்றார்கள். கல்யாண வீட்டுக்காரர் பாயைச் சுருட்டச் சொன்னார். ஹசன் அலி குறுக்கே போய் நின்றார்.

"சஹன்ல ஒரு கை இருக்கு. அது இருக்க வரைக்கும் பந்தி முடியல. வெயிலு சுட்டா எல்லாரும் பள்ளிவாசல்ல போயி உக்காருங்க."

முந்நூறு பேரும் காத்திருந்தார்கள். அப்போது சுஐபுக்குப் பதினெட்டு வயது. மச்சானை அன்று ஊர் பார்த்த பார்வையை அவர் மறக்கவே இல்லை.

சுஐபு, ஹசன் அலியின் மனைவி லத்தீபாவின் தம்பி. கீழக்கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து வாழ்வார். அதனால் சுஐபு பிறந்த வீட்டில்தான் ஹசன் அலி குடியிருந்தார். வாப்பா இல்லாத சுஐபுக்குப் பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதும், சைக்கிள் பழக்கியதும், சார்ஜாவுக்கு விமானம் ஏற்றி அனுப்பியதும் அவர்தான்.

சார்ஜாவுக்குப் போனது தொண்ணூற்றெட்டில். சூப்பர்வைசர் வேலை என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தான். போய் இறங்கினால் கையில் வாளியும் துணியும் கொடுத்தார்கள். ஒரு பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் நிற்கிற கார்களை விடிவதற்குள் கழுவ வேண்டும். நாலு வருஷம் கழுவினார். உம்மாவுக்குத் தெரிந்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று மச்சானுக்கு மட்டும் ஒரு கடிதம் எழுதினார். ஹசன் அலி அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, "ஏசி ரூமாம், கீழ பத்துப் பேரு வேலை பாக்குறானுகளாம்" என்று மாமியாரிடம் சொன்னார். அந்தக் கிழவி அப்படியே நம்பி, அப்படியே மவுத்தானாள். லத்தீபாவுக்கும் தெரியாது. சுஐபு பிறகு நல்ல வேலைக்கு மாறி, ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் டைல்ஸ் கடை வைத்து, நாலு பேர் எழுந்து வணக்கம் சொல்கிற ஆளாகிவிட்டார். அந்த நாலு வருஷம் உலகத்தில் ஒரே ஒரு மனிதரிடம் இருந்தது. அவர் இருபத்தைந்து வருஷம் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்து இருபத்து மூன்றில் சுஐபுவின் மகள் லாமியாவுக்கு நிக்காஹ். பந்தியில் முதல் சஹன். சுஐபு, புதுச் சம்பந்தி, சம்பந்தியின் அண்ணன், நாலாவதாக மூத்தவர் என்ற மரியாதையில் ஹசன் அலி. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார்கள். கறியைப் பிய்த்து வைக்க வேண்டிய ஹசன் அலி, பெரிய துண்டை அப்படியே எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார். சம்பந்தி சிரித்துச் சமாளித்தார். ஹசன் அலியின் கை அடுத்து சம்பந்தியின் பக்கம் போனது. அவர் முன்னால் கிடந்த கறியையும் எடுத்தது. சுஐபு பல்லைக் கடித்துக்கொண்டு, "மச்சான், அது அவுக பக்கம்" என்றார்.

ஹசன் அலி நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. வெட்கமும் இல்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"சார்ஜால நாலு வருசம் காரு கழுவுன கை. அதுக்குப் பந்தி மொற தெரியுதாக்கும்."

பக்கத்துச் சஹன்களில் கைகள் நின்றன. சம்பந்தி சுஐபுவைப் பார்த்தார். சூப்பர்வைசர் என்றுதானே பேச்சு. சுஐபு சஹனிலிருந்து கையை எடுத்தார். எழுந்தார். கை கழுவாமலே வாசலைத் தாண்டிப் போனார். ஹசன் அலி அவர் பக்கம் இருந்த கறியையும் எடுத்துச் சாப்பிட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

அதோடு சரி. சுஐபு பிறந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஹசன் அலியைப் பந்தி விசாரிக்க யாரும் கூப்பிடவில்லை. பிறகு பத்திரிகை வைப்பதையும் நிறுத்தினார்கள். அவர் கூப்பிடாமலே போனார். போன இடங்களில் முன்பின் தெரியாதவர்களின் சஹனில் கை வைத்தார். டீக்கடையில் சுஐபுவைப் பார்த்தால், "பாய், ஒங்க மச்சான் இன்னைக்கு யாரு கறியத் தின்னாரு?" என்று கேட்க ஆள் இருந்தது. கிட்டங்கி வேலையும் போனது. கல்கத்தாவிலிருந்து வந்த வியாபாரியிடம், "இந்தச் சாக்குல பாதி புழு அரிச்சது, அடியில போட்டு வச்சிருக்காரு" என்று முதலாளியை வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். சொன்னது நிஜம். நிஜத்தைச் சொன்னால் எந்த முதலாளி வைத்துக்கொள்வான்.

சுஐபுவுக்கு அவமானம் ஆறிவிட்டது. கார் கழுவியதில் கேவலம் ஒன்றுமில்லை என்று சம்பந்தியே ஒருநாள் சொல்லிவிட்டார். ஆறாதது வேறு. இருபத்தைந்து வருஷமும் மச்சான் உள்ளுக்குள் தன்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா? கடிதத்தைக் கிழித்ததும், கிழவியிடம் பொய் சொன்னதும் பாசம் இல்லையா? மனசுக்குள் எகத்தாளம் பண்ணிக்கொண்டு வெளியே தோளில் கை போட்டாரா? வாப்பா மாதிரி நினைத்த மனிதர். அந்த மனிதர் இருந்தாரா, இல்லவே இல்லையா? டைல்ஸ் அடுக்கும்போதும், தொழுகையில் நிற்கும்போதும் இந்தக் கேள்வி வந்து முன்னால் நின்றது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான். அவரோடுதான் பேச்சில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து லத்தீபா கடைக்கு வந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. அவள் எதற்கும் யாரிடமும் போய் நிற்கிறவள் இல்லை. சுஐபு நாற்காலியை இழுத்துப் போட்டார். என்ன கை என்று கேட்டார். அடுப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். விழுந்து கிடந்தபோது ஹசன் அலி உள்ளே வந்தாராம்.

"என்னத் தாண்டிப் போயி, மேல இருந்த தொதல் டப்பாவ எடுத்துக்கிட்டு, திரும்ப என்னத் தாண்டி வெளிய போனாக, சுஐபு. நான் கத்திக்கிட்டுக் கெடக்கேன்."

சுஐபு, இன்னும் என்ன செய்யப் போகிறார் அந்த ஆள் என்றார். லத்தீபா தலையை ஆட்டினாள்.

"நீ கோவத்துல கேக்குற. நானும் ஒரு வருசம் அப்படித்தான் நெனச்சேன். ஆனா கோவக்காரன் தாண்டிப் போக மாட்டான்டா. திட்டிட்டாவது போவான். மொறச்சிட்டாவது போவான். இவுக என்னப் பாத்த பார்வையில ஒண்ணுமே இல்ல. தரையில மிதியடி கெடந்தா எப்படிப் பாப்பாக, அப்படி. முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ சொல்றேன். இது அவுக இல்ல. அவுகளுக்கு என்னமோ ஆயிருச்சு."

ஓதிப் பார்த்தாயிற்று, தாயத்துக் கட்டியாயிற்று. மதுரையில் நரம்பு டாக்டர் ஒருவர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போக ஆண் துணை வேண்டும் என்றாள். மகன் இல்லாத வீடு. மகள் மாஷிதா பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள், அவளால் வாப்பாவை அடக்க முடியாது. சுஐபு கையில் இருந்த டைல்ஸ் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, வியாழக்கிழமை கார் கொண்டு வருகிறேன் என்றார். அக்காவுக்காகப் போகிறோம், அந்த ஆளுக்காக இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஹசன் அலி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றரை வருஷப் பகையைப் பற்றி அவருக்கு ஒரு நினைப்பும் இல்லை. "சுஐபா, வா" என்றார், நேற்றுப் பார்த்தவரிடம் சொல்வதுபோல. ராமநாதபுரம் தாண்டி, பரமக்குடி தாண்டி, வழியில் தென்பட்ட அத்தனை கடைப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தார். மடியில் தொதல் டப்பா, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய அல்வா. மானாமதுரை வருவதற்குள் காலி. பின் சீட்டில் லத்தீபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டர் அருள்முருகன் அபிராமத்துக்காரர், விவசாயக் குடும்பம். "நமக்கும் அங்கிட்டுத்தான் பாய்" என்று நாற்காலியைக் காட்டினார். ஞாபகம் எப்படி என்று முதலில் சோதித்தார். தேதி, கிழமை, கலெக்டர் ஆபீஸ் இருக்கிற ஊர் எல்லாம் ஹசன் அலி சரியாகச் சொன்னார். சுஐபுவுக்கு உள்ளுக்குள் கசந்தது. பார், எல்லாம் தெரிகிறது, வேண்டுமென்றே செய்கிற ஆள்தான் என்று நினைத்தார்.

பிறகு டாக்டர் மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். ஒரு தட்டுத் தட்டினால் நீங்கள் கையைத் தூக்க வேண்டும், இரண்டு தட்டுத் தட்டினால் தூக்கக் கூடாது என்றார். ஹசன் அலி அந்த விதியைத் திருப்பி ஒப்பித்தார், ஒரு எழுத்துப் பிசகவில்லை.

டாக்டர் ஒரு தட்டுத் தட்டினார். கை எழுந்தது. இரண்டு தட்டுத் தட்டினார். கை எழுந்தது.

"ரெண்டு தட்டுனா என்ன செய்யணும் பாய்?"

"தூக்கக் கூடாது."

மறுபடி இரண்டு தட்டு. கை எழுந்தது. தூக்கக் கூடாது என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்தது. பத்துத் தடவை தட்டினார். பத்துத் தடவையும் அந்தக் கை மேலே போனது. சுஐபு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியின் பக்கம் நீண்ட கை அதுதான். சஹனில் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இப்போது கேட்டாலும் இந்த மனிதர் தவறில்லாமல் சொல்லிவிடுவார் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிக்கொண்டே எடுப்பார்.

ஸ்கேன் எடுத்து முடியச் சாயங்காலம் ஆனது. ஹசன் அலியை லத்தீபாவோடு வெளியே உட்கார வைத்துவிட்டு, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். பின்பக்கம் மூளை மண்டை ஓட்டை நிறைத்துக்கொண்டு இருந்தது. முன்பக்கம் சுருங்கிப் போய், ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே கறுப்பாக இடம் விட்டிருந்தது. இது வயசான மறதி இல்லை, பைத்தியமும் இல்லை, மூளையின் முன்பகுதி தேய்ந்துகொண்டே வருகிற வியாதி என்றார் டாக்டர். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற இடம்தான் வருகிற ஆசையை எல்லாம் பொறு என்று நிறுத்துகிறது. அதை ஒட்டிய இடங்கள்தான் எதிரே இருக்கிறவர் முகத்தைப் படித்து, இவருக்கு வலிக்கும், இவருக்கு வெட்கமாக இருக்கும் என்று சொல்கின்றன. இவருக்கு அந்த இடங்களில்தான் அடி.

மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்போடு பேசுவது ரசாயனத்தால் என்றும் சொன்னார். டோபமைன் என்று ஒன்று, வேண்டும் வேண்டும் என்று முடுக்கும். செரடோனின் என்று ஒன்று, போதும் என்று தணிக்கும். இந்த வியாதியில் தணிக்கிற பக்கம் வறண்டுபோகிறது. இனிப்புக்கு அப்படிப் பறப்பது அதனால்தான். செரடோனினைக் கொஞ்சம் தாங்கிப்பிடிக்க மாத்திரை உண்டு, அதில் தின்கிற ஆத்திரம் அடங்கும், தேய்ந்தது திரும்ப வளராது. டாக்டர் பூசி மெழுகவில்லை. இன்னும் சில வருஷங்களில் பேச்சும் குறையும் என்றார்.

சுஐபு எழுந்திருக்கவில்லை. ஒன்றரை வருஷக் கேள்வியை அங்கேதான் கேட்டார். கார் கழுவிய கதையை லாமியா கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தன் வாயால், முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "பொறுன்னு நிறுத்துற எடம் போயிருச்சுன்னு சொல்றீங்க. அப்ப உள்ள இருந்ததுதானே டாக்டர் வெளிய வந்திருக்கு? இத்தன வருசமும் என்னப் பத்தி அதத்தானே நெனச்சிருக்காரு?" என்றார்.

அருள்முருகன் படத்தைக் கழற்றி உறையில் போட்டார்.

"தெரிஞ்ச விசயம் உள்ள இருக்கத்தான் பாய் செய்யும். என் தம்பியப் பத்தி எனக்கு ஆயிரம் தெரியும். சண்டை வந்தா நாக்கு நுனி வரைக்கும் வரும். சொல்ல மாட்டேன். சும்மா இருக்கேன்னு தோணும். ஆனா சும்மா இல்ல. சொல்லாம இருக்க மூளை வேலை செய்யணும். ஒவ்வொரு தடவையும் செய்யணும். இருபத்தஞ்சு வருசம் அந்த மனுசன் மூளை ஒங்களுக்காக அந்த வேலையச் செஞ்சிருக்கு. ஒரு நாளு லீவு எடுக்கல. இப்ப வேலை செஞ்ச எடமே இல்ல. சொன்னதுதான் அவரு, காப்பாத்துனது அவரு இல்லன்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?"

வெளியே வந்தபோது ஹசன் அலி சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். சுஐபு பக்கத்தில் போய் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்டால் எதற்கு என்று அவருக்குப் புரியாது. பலகை முடியும்வரை நின்றுவிட்டு, கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டி வந்தார்.

ஊருக்குச் சொன்னார்கள். ஊர் ஏற்கவில்லை. வியாதி என்றால் படுக்க வேண்டும், இவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து போகிறாரே என்றார்கள். பேரைக் கேட்டால் சொல்கிறார், ஊரைக் கேட்டால் சொல்கிறார், இதென்ன வியாதி என்றார்கள். கால் உடைந்தவனை ஓடச் சொல்லாத ஊர், மூளை உடைந்தவனை ஒழுங்காக நட என்றது. மாத்திரையில் தொதல் ஆத்திரம் பாதி குறைந்தது. லத்தீபா டப்பாவை ஒளிப்பதை நிறுத்தினாள். பழைய ஹசன் அலி வரவில்லை. சுஐபு தினம் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள எதுவும் இல்லை.

அடுத்த ஜனவரியில் மாஷிதாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. கல்யாண வேலை எல்லாம் சுஐபுவின் தலையில். ஒரு வாரம் இருக்கும்போது மாப்பிள்ளையின் வாப்பா வந்தார். கெட்ட மனிதர் இல்லை, சபைக்குப் பயந்த மனிதர். வெளிநாட்டுக்காரர்களும் ஜமாஅத் பெரியவர்களும் வருகிற பந்தி, அந்த நேரத்துக்கு மட்டும் பெண்ணின் வாப்பாவை மாடி அறையில் இருக்க வைத்து, சஹனை மேலே அனுப்பிவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். லாமியா கல்யாணத்தில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. சுஐபு யோசித்துப் பார்த்தார். நல்ல காரியம் கெடக் கூடாது. சரி என்றார். மதுரையில் எல்லாம் கேட்டுவிட்டு வந்த மனிதர்தான் சரி என்றார். சபை என்று வந்துவிட்டால் டாக்டர் சொன்னதெல்லாம் பின்னால் போய்விடுகிறது.

மாஷிதாவிடம் அன்றே சொன்னார். அவள் மருதாணி வைத்த கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழவில்லை.

"மாடி ரூமுக்கு வெளிய ஆளு நிக்குமா, மாமா?"

சும்மா ஒருவர் துணைக்கு இருப்பார் என்றார் சுஐபு.

"தாப்பா எந்தப் பக்கம் போடுவீக?"

சுஐபு வேலை கிடக்கிறது என்று எழுந்தார்.

"அன்னைக்கு நீங்க எந்திரிச்சுப் போனீகளே, மாமா. வாப்பா யாரு சஹன்ல இருந்தும் எந்திரிச்சுப் போனதே இல்ல. ஊரு முழுக்கப் பந்தியில உக்கார வச்ச மனுசன். அவருக்கு ஒரு எடம் இல்லேன்னா எனக்கு நிக்காஹ் மட்டும் நடக்கட்டும், பந்தி வேண்டாம்."

சுஐபு அன்று ராமநாதபுரம் போய் வாங்க வேண்டியதை எல்லாம் மறந்துவிட்டுக் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். மச்சான் கீழேதான் உட்காருவார் என்றார். உங்கள் யாரையும் அவரோடு உட்காரச் சொல்லவில்லை, அந்த சஹனில் நான் இருப்பேன், என்ன நடந்தாலும் அது என் பொறுப்பு என்றார்.

கல்யாணத்தன்று லுஹர் தொழுகை முடிந்து பந்தி விரித்தார்கள். மண்டபத்தின் நடுவில்தான் சுஐபு இடம் பிடித்தார். ஓரத்தில் இல்லை. ஹசன் அலியைக் கையைப் பிடித்து உட்கார வைத்து எதிரே தானும் உட்கார்ந்தார். நாலு பேர் சஹன். மற்ற இரண்டு இடத்துக்கு யாரும் வரவில்லை. வந்தவர்கள் பார்த்துவிட்டு, வேறு பக்கம் ஆள் கூப்பிடுகிறது என்று நகர்ந்தார்கள். சுஐபு யாரையும் கூப்பிடவில்லை.

கறியை மூத்தவர் பிய்க்க வேண்டும். இப்போது அந்த வேலை தன்னுடையது என்று சுஐபு எடுத்துக்கொண்டார். பிய்த்து ஹசன் அலியின் பக்கம் தள்ளினார். அவர் அதைச் சாப்பிட்டார். பிறகு சுஐபுவின் பக்கம் கையை நீட்டி அங்கே இருந்ததையும் எடுத்தார். சுஐபு இன்னொரு துண்டைத் தன் முன்னால் வைத்தார், எடுக்க வாகாக. அதையும் எடுத்தார். சுற்றி இருந்த சஹன்களில் பேச்சுக் குறைந்தது. எல்லோரும் காத்திருந்தது வந்தது.

"காரு கழுவுன கை" என்றார் ஹசன் அலி. மண்டபம் கேட்கிற குரல்.

"ஆமா மச்சான். அந்தக் கைதான்" என்றார் சுஐபு. அவரும் மண்டபம் கேட்கவே சொன்னார். "நாலு வருசம் கழுவுச்சு. நீங்க சாப்பிடுங்க."

ஹசன் அலி சாப்பிட்டார். இரண்டு கவளம். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

பாதிச் சஹனில் எழுந்தார். மகளின் நிக்காஹ் பந்தியில், சபை நடுவே. அதற்கு அந்த ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். மாப்பிள்ளையின் வாப்பா தூரத்திலிருந்து பார்த்துவிட்டார். ஹசன் அலி யாரையும் பார்க்காமல் பாய்களுக்கு நடுவே நடந்து, மண்டபத்து வாசலில் மாட்டியிருந்த விலைப் பட்டியல் பலகை முன்னால் போய் நின்று படிக்க ஆரம்பித்தார். ஏசி ஹால். ஏசி இல்லாத ஹால். ஜெனரேட்டர் தனி.

சுஐபு கையை எடுக்கவில்லை.

சோற்றில் வைத்த கை அப்படியே இருந்தது. சாப்பிடவும் இல்லை. பக்கத்துச் சஹன்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஆட்கள் எழுந்து கை கழுவப் போனார்கள். பாய்கள் காலியாயின. அடுத்த பந்திக்கு ஆட்கள் வாசலில் சேர்ந்துவிட்டார்கள். நெய் உறைந்து சுஐபுவின் விரல்களில் வெள்ளையாகப் படிந்தது. பெண்கள் பக்கத்துத் திரை கொஞ்சம் விலகி, திரும்ப மூடியது.

மாப்பிள்ளையின் வாப்பா வந்து குனிந்தார். அவர்தான் எழுந்துவிட்டாரே, நீங்களும் கையைக் கழுவிக்கொள்ளுங்கள், வெளியே வெயிலில் நிற்கிறார்கள் என்றார்.

"ஒரு கை வரணும் சம்பந்தி" என்றார் சுஐபு. "அது வராம இந்தப் பந்தி முடியல."

அந்த வார்த்தையை ஊரில் பாதிப்பேர் முன்பே கேட்டிருந்தார்கள், வேறொருவர் வாயால். வாசலில் நின்றவர்களில் வயதானவர் ஒருவர் ஏதோ சொன்னார், மற்றவர்கள் நிழலுக்கு நகர்ந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா நிமிர்ந்தார். பாய் சுருட்ட வந்தவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டுப் போனார்.

ஹசன் அலி பலகையை முழுக்கப் படித்து முடித்தார். கடைசி வரியில் இருந்த போன் நம்பரையும் படித்தார். பிறகு திரும்பி, காலி மண்டபத்தில் ஒரே ஒரு சஹனுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். பார்த்து ஏதாவது புரிந்ததா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். சோறு இருந்தது. வந்து உட்கார்ந்தார். சுஐபுவின் பக்கம் இருந்த கறியை எடுத்துச் சாப்பிட்டார். அவர் முன்னால் இருந்த சோற்றைச் சாப்பிட்டார், பிறகு தன் முன்னால் இருந்ததை. விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார். போதும் என்று கையை எடுத்தார்.

அதன்பிறகு சுஐபு தன் கையை எடுத்தார்.